உயிர்க்கரிப் பாத்தியில் வளர்ந்த தண்டுக்கீரை: 1030 முகடு எதைக் காட்டுகிறது?

தண்டுக்கீரை எழுதியது:

வணக்கம். முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஆறு பாத்தி போட்டுத் தண்டுக்கீரை விதைத்தேன். மூன்று பாத்திக்குத் தொழுவுரம் மட்டும். மற்ற மூன்றுக்கு அதே அளவு தொழுவுரம், கூடவே சதுர மீட்டருக்கு 1 கிலோ உயிர்க்கரி, அதாவது மண்ணில் கலக்கும் கரித்தூள். ஹெக்டேருக்குக் கணக்குப் போட்டால் 10 டன் வருகிறது. சீமைக் கருவேலங்கரியை வாங்கி இடித்துச் சலித்து மண்ணில் கலந்தேன். செம்மண் நிலம்.

35ஆம் நாள் பிடுங்கி, இலையை மட்டும் ஆய்ந்து, 60 டிகிரி ஓவனில் காயவைத்துப் பொடித்தேன். கல்லூரியில் உள்ள எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்பு நிறமாலைக் கருவியில், ஏடிஆர் முறையில் (பொடியை வைரப் பரப்பில் ஒட்டவைத்து அளப்பது), வைரத்தின் மேல் பொடியை வைத்து 4000 முதல் 400 செ.மீ⁻¹ வரை நிறமாலை எடுத்தேன். ஆறு பாத்தி, பாத்திக்கு 3 செடி, செடிக்கு 3 முறை, ஆக 54 நிறமாலைகள். எல்லாவற்றையும் கோட்டுக்குக் கீழுள்ள மொத்தப் பரப்பால் வகுத்துச் சமப்படுத்திவிட்டுத்தான் ஒப்பிட்டேன்.

இரண்டு வித்தியாசம் தெரிகிறது. உயிர்க்கரிப் பாத்தி இலையில் 1030 முகடு நன்றாக உயர்ந்திருக்கிறது. 1317 முகடு தாழ்ந்திருக்கிறது. 1030 செல்லுலோஸ் முதலான பாலிசாக்கரைடுகளுடையது (சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகச் சேர்ந்தவை), 1317 கால்சியம் ஆக்சலேட்டுடையது என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் "உயிர்க்கரி கீரையில் பாலிசாக்கரைடைக் கூட்டுகிறது, ஆக்சலேட்டைக் குறைக்கிறது" என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

எனக்கு இது மதிப்பெண்ணுக்கான கேள்வி மட்டும் இல்லை. அம்மாவுக்கு இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்தது. கீரையில் உள்ள ஆக்சலேட் கல்லாகச் சேரும் என்று கீரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கீரை இல்லாமல் அவரால் சாப்பிட முடிவதில்லை. ஆக்சலேட் குறைந்த கீரையை நாமே வளர்க்க முடியும் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்!

பழைய_ஆய்வகம் எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறாய் அம்மா. பாத்தி போட்டு, மூன்று மூன்றாகப் பிரித்துச் செய்கிறவர்கள் குறைவு. எழுதுவதற்கு முன் நாலு கேள்விக்குப் பதில் சொல்.

இலையைக் கழுவினாயா? எல்லாச் செடியிலும் ஒரே கணுவில் உள்ள இலையை எடுத்தாயா? எல்லாப் பாத்தியையும் ஒரே நேரத்தில் பறித்தாயா, காலையில் பாதி சாயங்காலம் பாதியா? 3600க்கும் 3700க்கும் நடுவில் நிறமாலை எப்படி இருக்கிறது? கடைசிக் கேள்விதான் முக்கியம். அந்தப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல்.

தண்டுக்கீரை எழுதியது:

ஐயா, கழுவவில்லை. கழுவினால் கரையும் சத்துகள் போய்விடும் என்று பயந்து, தட்டி உதறிவிட்டுக் காயவைத்தேன். செடியில் இருந்த எல்லா இலையையும் சேர்த்துப் பொடித்தேன். பறித்தது ஒரே நாள் காலையில்தான். 3600–3700 பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன், கோப்பு கல்லூரிக் கணினியில் இருக்கிறது.

மாடித்தோட்டம் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் மாடியில் கீரை போடுகிறவள், வேதியியல் தெரியாது. இந்த முகடு, எண் எல்லாம் என்ன என்று யாராவது எளிமையாகச் சொன்னால் தொடர்ந்து படிப்பேன். உயிர்க்கரி நானும் தொட்டியில் போடுகிறேன்.

பழைய_ஆய்வகம் எழுதியது:

சொல்கிறேன் அம்மா. இந்தக் கருவி அகச்சிவப்பு ஒளியை அனுப்பிப் பார்க்கிறது. அகச்சிவப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத ஒளி. 1800ல் வில்லியம் ஹெர்ஷல், பட்டகத்தில் பிரிந்த சூரிய ஒளியில் சிவப்பைத் தாண்டி வெப்பமானியை வைத்தபோது அங்கேயும் சூடு ஏறியதைப் பார்த்தார். அதுதான் தொடக்கம்.

ஒரு பொருளில் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்புகள் எப்போதும் நீண்டு சுருங்கி, வளைந்து அதிர்ந்துகொண்டே இருக்கும். ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு வேகத்தில், கார்பன்–ஹைட்ரஜன் இன்னொரு வேகத்தில், கார்பன்–ஆக்சிஜன் வேறொரு வேகத்தில். நாம் அனுப்பும் ஒளியில் அந்தந்த வேகத்துக்குப் பொருந்துகிற பகுதியை மட்டும் பிணைப்பு விழுங்கிவிடும். எந்த எண்ணில் எவ்வளவு விழுங்கப்பட்டது என்று வரைந்தால் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கிடைக்கும். அதுதான் நிறமாலை. மேடுதான் முகடு.

காய்ந்த கீரைப் பொடியில் 3300 பக்கம் அகலமான மேடு வரும், அது ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு, சுருக்கமாக ஓ–எச். 2918, 2850 இரண்டும் இலை மெழுகு, கொழுப்பு. 1735 எஸ்டர். 1650, 1540 புரதம். 1200 முதல் 900 வரை ஒரே கூட்டம். செல்லுலோஸ், பெக்டின், ஸ்டார்ச், சர்க்கரை எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்து நிற்கும்.

இதில் இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஏடிஆரில் ஒளி பொருளுக்குள் ஒன்றிரண்டு மைக்ரான் ஆழம்தான் போகும். பச்சை இலையை அப்படியே வைத்தால் மேல்தோல் மெழுகும் தண்ணீரும்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. அதனால்தான் இந்தப் பெண் காயவைத்துப் பொடித்திருக்கிறாள். இரண்டாவது, கருவி பிணைப்பைத்தான் பார்க்கிறது. அந்தப் பிணைப்பு கீரைக்குச் சொந்தமா, வேறு எதற்காவது சொந்தமா என்று அதற்குத் தெரியாது.

செம்மண்_சேகரம் எழுதியது:

ஐயா ஏன் 3600–3700 கேட்டார் என்று எனக்குப் புரிகிறது, நான் மண் பரிசோதனை செய்கிறவன். நம் செம்மண்ணில் கயோலினைட் என்ற களிமண் கனிமம் தாராளமாக உண்டு. அதற்கு 3695லும் 3620லும் கூரான இரண்டு முகடுகள். அந்த இடத்தில் செடிப் பொருளுக்கு அப்படிக் கூரான முகடு கிடையாது. செடியின் ஓ–எச் எல்லாம் ஹைட்ரஜன் பிணைப்பில் மாட்டிக்கொண்டு 3300ல் அகன்று பரவிவிடும். களிமண்ணின் ஓ–எச் படிக அடுக்குக்குள் தனித்தனியாக இருப்பதால் கூராக நிற்கும்.

அதே கயோலினைட்டுக்கு 1030லும் 1008லும் மிக வலுவான முகடுகள் உண்டு, சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு. 912ல் ஒரு சின்ன முகடு, அது அலுமினியத்தோடு சேர்ந்த ஓ–எச். ஆகவே 3695, 3620, 912 மூன்றும் சேர்ந்து வந்தால் அந்த 1030ல் மண்ணும் இருக்கிறது என்று பொருள். மணல் கலந்திருந்தால் 798, 779 என்று ஒரு ஜோடியும் தெரியும், அது குவார்ட்ஸ்.

ஒரு எச்சரிக்கை. காற்றில் உள்ள நீராவியும் 3600க்கு மேல் ஊசி ஊசியாகக் கோடு போடும். மழைக்காலத்தில், ஏசி இல்லாத அறையில் எடுத்திருந்தால் குழப்பும். நீராவி என்றால் 1400–1800லும் அதே மாதிரி ஊசிகள் வரிசையாக நிற்கும். அங்கே கோடு சுத்தமாக இருந்து 3695, 3620 மட்டும் தெரிந்தால் அது மண்தான்.

தண்டுக்கீரை எழுதியது:

பார்த்துவிட்டேன். 3695, 3620 இரண்டும் இருக்கின்றன. 912ல் தோள் மாதிரி ஒரு மேடும் இருக்கிறது. 1400–1800ல் ஊசிகள் இல்லை. தொழுவுரப் பாத்தி இலையிலும் லேசாக உண்டு, உயிர்க்கரிப் பாத்தி இலையில் தெளிவாகப் பெரிதாக இருக்கிறது.

நேற்று இரவு முழுக்க யோசித்தேன். எல்லாப் பாத்தியும் ஒரே இடத்தில், ஒரே மண், ஒரே பூவாளியில் ஒரே அளவு தண்ணீர். மண் ஒட்டுவதென்றால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒட்ட வேண்டும் அல்லவா? உயிர்க்கரிப் பாத்தியில் மட்டும் ஏன் அதிகம்?

மூட்டக்கரி எழுதியது:

தாயி, நான் முதுகுளத்தூர் பக்கம் விவசாயி. அப்பா காலத்திலிருந்து கருவேல மரத்தில் கரிமூட்டம் போடுகிறோம். இந்த இழையை ரெண்டு நாளாகப் படிக்கிறேன். நீ கேட்டதற்கு ஒரு கேள்விதான்: கரிப் பாத்தியில் செடி குட்டையாக இருந்ததா? இலை வெளுத்து இருந்ததா?

தண்டுக்கீரை எழுதியது:

ஆமாம் ஐயா! தொழுவுரப் பாத்திச் செடியில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வளர்ந்திருந்தது. இலையும் இளம்பச்சை. முதல் விளைச்சலில் அப்படித்தான் இருக்கும் என்று படித்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

மூட்டக்கரி எழுதியது:

கரியை வாங்கி இடித்து அப்படியே போட்டேன் என்று முதலிலேயே எழுதியிருந்தாயே. வெறுங்கரி பசியோடு இருக்கும். மண்ணில் இருக்கிற சத்தை முதலில் அது இழுத்துக்கொள்ளும், பயிருக்கு மிச்சம்தான். நாங்கள் கரித்தூளை எருக்குழியில் ஒரு மாதம் போட்டு, அப்பப்போ கோமியம் ஊற்றிப் புரட்டி, அப்புறம்தான் நிலத்துக்குக் கொண்டுபோவோம்.

செடி குட்டையாக இருந்தால் இலை தரையை ஒட்டி இருக்கும். பூவாளித் தண்ணீர் விழுந்தால் மண் தெறித்து இலைக்கடியில் அப்பிக்கொள்ளும். உயர்ந்த செடியில் அடி இலை மட்டும் அழுக்காகும், குட்டைச் செடியில் எல்லா இலையும் அழுக்காகும். சந்தைக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகிறவர்களுக்கு இது தெரியும். மழை அடித்த மறுநாள் குட்டைக் கீரையை நாலு தண்ணீரில் அலச வேண்டும்.

செம்மண்_சேகரம் எழுதியது:

ஐயா சொன்னதை என் மொழியில் சேர்க்கிறேன். புதுக்கரியின் பரப்பு, நைட்ரஜன் சத்தின் ஒரு வடிவமான அம்மோனியத்தைப் பிடித்து வைக்கும். கரியில் எளிதில் சிதையக்கூடிய கொஞ்சம் கார்பனும் மிச்சம் இருக்கும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் முதல் பயிருக்கு நைட்ரஜன் பஞ்சம். கரி காரத்தன்மை உள்ளது, பி.எச் பெரும்பாலும் 8க்கு மேல். அதனால் இரும்பு, துத்தநாகம் கிடைப்பதும் குறையக்கூடும்.

புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும், ஆகவே இதை உன் நிறமாலையிலேயே பார்க்கலாம் அம்மா. 1540 என்ன சொல்கிறது? 1650ஐப் பார்க்காதே. அங்கே தண்ணீரின் 1640, ஆக்சலேட்டின் 1620, பெக்டினின் 1610 எல்லாம் புரதத்தோடு ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். 1540 ஓரளவு தனியாக நிற்கும்.

தண்டுக்கீரை எழுதியது:

1540 உயிர்க்கரிப் பாத்தியில் குறைவாகத்தான் இருக்கிறது. மூன்று பாத்தியிலும். இதை நான் கவனிக்கவே இல்லை, 1030லேயே கண் இருந்துவிட்டது.

சரி, 1030 மண் என்றே வைத்துக்கொள்வோம். 1317 குறைந்தது உண்மைதானே? களிமண்ணுக்கு 1317ல் ஒன்றும் இல்லையே.

எண்ணும்_எழுத்தும் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும், நிறமாலைக் கணக்குதான் என் தொழில்.

நீங்கள் மொத்தப் பரப்பால் வகுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். 100 கிராம் கீரைப் பொடியில் 5 கிராம் ஆக்சலேட் இருக்கிறது என்று வையுங்கள். 5 சதவீதம். அதோடு 10 கிராம் களிமண் கலந்துவிட்டது. ஆக்சலேட் அதே 5 கிராம்தான், ஆனால் மொத்தம் 110 ஆகிவிட்டது. இப்போது சுமார் 4.5 சதவீதம். யாரும் ஆக்சலேட்டை எடுக்கவில்லை, கணக்கில் குறைந்துவிட்டது.

நிறமாலையில் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு ஒளியை மிக வலுவாக விழுங்கும். கொஞ்சம் மண் இருந்தாலே 1030 பெரிதாக வீங்கும். மொத்தப் பரப்பு கூடும். அந்தப் பெரிய எண்ணால் வகுத்தால் 1317, 1540, 1735, 2918 எல்லாம் ஒரே அடியாகத் தாழும். உங்கள் மெழுகு முகடுகளும் உயிர்க்கரிப் பாத்தியில் குறைந்திருந்தால் நான் சொல்வதுதான் நடந்திருக்கிறது. ஆகவே 1540 குறைந்ததையும் இப்போதைக்கு முழுதாக நம்ப வேண்டாம். அதில் எவ்வளவு நைட்ரஜன் பஞ்சம், எவ்வளவு வகுத்தலின் விளைவு என்று பிரித்த பிறகுதான் சொல்ல முடியும்.

செய்ய வேண்டியது இதுதான். மண் தொடாத பகுதியை, உதாரணமாக 1800–1200ஐ மட்டும் எடுத்துச் சமப்படுத்திப் பாருங்கள். இரண்டாம் வகைக்கெழு எடுத்தால் ஒட்டி நிற்கும் முகடுகள் பிரியும். நிறமாலைகளுக்குள் உள்ள பெரிய வேறுபாட்டைப் பிரித்தெடுக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு செய்திருந்தால், முதல் கூறின் சுமைக்கோட்டை, அதாவது அந்த வேறுபாட்டுக்கு எந்த முகடுகள் காரணம் என்று காட்டும் கோட்டைப் பாருங்கள். அதில் 3695, 3620, 1030, 1008, 912 எல்லாம் ஒரே திசையில் எழும்பி நின்றால், கணினி பிரித்துக் காட்டியது அழுக்கு இலையையும் சுத்தமான இலையையும்தான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 54 நிறமாலைகள் இருப்பதால் 54 சான்று இருக்கிறது என்று புள்ளியியல் போடாதீர்கள். கரியைப் போட்டது பாத்திக்கு. ஆகவே உங்களிடம் இருப்பது மூன்றுக்கு மூன்று. ஒரே செடியை மூன்று முறை அளந்தது கருவியின் தடுமாற்றத்தைத்தான் சொல்லும், கரியின் விளைவை அல்ல. செடி அளவில் சராசரி, பிறகு பாத்தி அளவில் சராசரி, அந்த ஆறு எண்களை வைத்து ஒப்பிடுங்கள்.

தண்டுக்கீரை எழுதியது:

மெழுகு முகடுகளும் குறைந்திருக்கின்றன. ஒரே விகிதத்தில் என்று சொல்லும் அளவுக்கு.

உண்மையைச் சொன்னால் மனம் உடைந்துவிட்டது. வழிகாட்டி இதை அப்படியே எழுதச் சொல்லிவிட்டார், சமர்ப்பிக்க இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

பழைய_ஆய்வகம் எழுதியது:

ஐந்து வாரம் போதும் அம்மா. பிடுங்கியது போக மீதிச் செடி பாத்தியில் இருக்கிறதா? இருந்தால் இப்படிச் செய்.

ஒவ்வொரு செடியிலும் மேலிருந்து மூன்றாவது, நான்காவது முழுமையாக விரிந்த இலையை மட்டும் எடு. இளம் இலையும் முற்றிய இலையும் ஆக்சலேட்டில் ஒன்றல்ல. குட்டைச் செடி, உயர்ந்த செடி இரண்டிலும் எல்லா இலையையும் சேர்த்துப் பொடித்தால் இலை வயதைத்தான் ஒப்பிடுவாய். காலை ஒரே நேரத்தில் பறி. சாயங்காலம் இலையில் ஸ்டார்ச் ஏறியிருக்கும், அது 1150லும் 1020 பக்கமும் வேலை காட்டும். ஓடும் தண்ணீரில் இருபுறமும் அலசி, காய்ச்சி வடித்த நீரில் ஒரு முறை முக்கி உடனே எடுத்துவிடு. ஊறவைக்காதே, நீ பயந்த மாதிரி கரையும் ஆக்சலேட்டும் நைட்ரேட்டும் போவது ஊறும்போதுதான். ஒத்தியெடுத்து அன்றே ஓவனில் வை. 60 டிகிரி சரிதான், அதற்கு மேல் ஏற்றாதே.

கழுவாத பழைய பொடி மிச்சம் இருக்கும் அல்லவா? ஒரு கிராமை எரித்துச் சாம்பலாக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து வடிகட்டு. கரையாமல் நிற்பது மணலும் களிமண்ணும். மூலிகைப் பொடிகளில் மண் கலப்பைப் பிடிக்கச் சித்த மருந்துக் கூடங்களிலும் இதைத்தான் செய்வார்கள். தராசும் உலையும் இருந்தால் ஒரு நாள் வேலை.

ஆக்சலேட்டைப் பற்றி எழுதுவதானால் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் தரம்பார்த்தலும் செய்துவிடு. வெந்நீரில் இறங்குவது கரையும் ஆக்சலேட், நீர்த்த அமிலத்தில் இறங்குவது மொத்த ஆக்சலேட். கால்சியம் உப்பாக வீழ்த்தி, கந்தக அமிலத்தில் கரைத்து, சூடாக இருக்கும்போதே தரம்பார்க்க வேண்டும். நிறமாலை வழி காட்டும். அளவைச் சொல்ல பியூரெட்தான் வேண்டும்.

கருப்பு_மண் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து உயிர்க்கரியைக் குறை சொல்வது போல இருக்கிறதே. அமேசான் காட்டில் அந்த மண்ணின் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் உருவாக்கிய கரிமண் இன்றும் வளமாக இருக்கிறது. நான் மூன்று ஆண்டாகப் போடுகிறேன், என் மண்ணில் ஈரம் நிற்கிறது. ஒரு மாணவி குறைந்தது என்று கண்டால் உடனே மண், தூசி என்று தள்ளிவிடுவதா?

செம்மண்_சேகரம் எழுதியது:

யாரும் உயிர்க்கரியைத் தள்ளவில்லை நண்பரே. நானே பரிந்துரைக்கிறவன். நீங்கள் சொன்ன அமேசான் மண்ணில் கரி மட்டும் இல்லை. எலும்பு, மீன் கழிவு, மனிதக் கழிவு, உடைந்த மண்பாண்டம் எல்லாம் கலந்து காலங்காலமாகச் சேர்ந்தது. முதுகுளத்தூர் ஐயா எருக்குழியில் ஊறப்போடுவதும் அந்த வழிதான். வெறுங்கரி போட்ட 35 நாளில் அந்த மண்ணின் குணத்தை எதிர்பார்க்கக் கூடாது.

உங்கள் மண்ணில் ஈரம் நிற்பதை நம்புகிறேன். அது வேறு கேள்வி. இங்கே கேட்டிருப்பது இலைக்குள் ஆக்சலேட் குறைந்ததா என்பது. கல் வந்த ஒருவர் அதை நம்பிச் சாப்பிடப்போகிறார். அந்த இடத்தில் நாம் தாராளமாக இருக்க முடியாது.

கருப்பு_மண் எழுதியது:

சரி, அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். சாக்கடைத் தண்ணீர் பாயும் இடங்களில் கீரை போடுகிறார்களே, அங்கே உயிர்க்கரி காட்மியத்தைப் பிடித்து வைக்கும் என்கிறார்கள். அதை இந்தக் கருவியில் பார்க்கலாமா?

பழைய_ஆய்வகம் எழுதியது:

முடியாது. கீரையில் இந்த மாதிரி உலோகம் இருப்பது கிலோவுக்குச் சில மில்லிகிராமில், அதற்கும் கீழே. இந்தக் கருவியில் ஒரு பொருள் காய்ந்த எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதமாவது இருந்தால்தான் ஏடிஆரில் நம்பிப் பேசலாம். காட்மியம், ஈயத்துக்கு அணு உட்கவர்தல் கருவியோ ஐசிபியோ போன்ற, உலோகத்தை அளக்கும் கருவி வேண்டும். கரி மண்ணின் பி.எச்சை உயர்த்தி, பரப்பிலும் பிடித்துக்கொள்வதால் காட்மியம் செடிக்குப் போவது பல இடங்களில் குறைகிறது, அது உண்மை. ஆனால் பெயின்ட் அடித்த பழைய பலகை, மருந்தேற்றிய மரம் இவற்றை எரித்துக் கரி செய்து கீரைக்குப் போட்டால் உலோகத்தைப் போடுவது நாமே. எந்த மரம் என்று தெரியாத கரியை வாங்காதீர்கள்.

சுன்னாகத்தான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். எங்கட பக்கம் சுண்ணக்கல்லுக்கு மேல செம்மண், கிணத்துத் தண்ணிதான் தோட்டத்துக்கும் குடிக்கிறதுக்கும். உரம் கூடப் போட்டு அது கீழ இறங்கி, கனக்கக் கிணறுகளில் நைட்ரேட் உலக சுகாதார நிறுவனத்தின் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டிப் போயிட்டுது. முளைக்கீரை நைட்ரேட்டைச் சேர்த்து வைக்கிற சாதி. உயிர்க்கரி போட்டால் கீரையில நைட்ரேட் குறையுமோ எண்டு பார்க்க இந்த முறை சரிவருமோ?

பழைய_ஆய்வகம் எழுதியது:

நல்ல கேள்வி ஐயா. நைட்ரேட் ஒளியை வலுவாக விழுங்கும், அதிகம் சேர்ந்த இலையில் தெரிய வாய்ப்பு உண்டு. ஆனால் எந்த முறையில் எடுக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். பொட்டாசியம் புரோமைடு வில்லையில் எடுத்தால் 1384ல் ஊசி மாதிரி ஒரு முகடு வரும். இலையில் உள்ள நைட்ரேட் வில்லையின் பொட்டாசியத்தோடு சேர்ந்து அப்படிக் கூராகத் தெரிகிறது. அதே பொடியை ஏடிஆரில் வைத்தால் அகலமாக, 1350 பக்கம் தள்ளி, மற்றவற்றோடு கலந்துவிடும். ஆய்வுக் கட்டுரைகளில் 1384ஐச் செல்லுலோஸ் என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. பொடியை வெந்நீரில் அலசி மறுபடி எடுத்துப் பாருங்கள். காணாமல் போனால் நைட்ரேட். அளவுக்கு நைட்ரேட் மின்முனையோ நிறமானியோ வேண்டும்.

நைட்ரேட்டாக நைட்ரஜன் கிடைக்கும் செடியில் அம்மோனியமாகக் கிடைப்பதைவிட ஆக்சலேட் கூடும் என்பது பழைய பாடம். கரி எந்த வடிவ நைட்ரஜனைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்பதைப் பொறுத்து ஆக்சலேட் உண்மையிலேயே மாறவும் கூடும். தண்டுக்கீரை, உன் கேள்வி தவறான கேள்வி இல்லை. அதற்குக் கிடைத்த பதில்தான் மண்ணிலிருந்து வந்துவிட்டது.

மாடித்தோட்டம் எழுதியது:

எல்லாம் புரிந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிறையப் புரிந்தது. தண்டுக்கீரை, உன் அம்மாவுக்காக ஒன்று. என் அண்ணனுக்கும் கல் வந்தது. உணவியல் மருத்துவர் சொன்னது: கீரையை நிறைய தண்ணீரில் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டால் கரையும் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போய்விடும். தயிர், மோரோடு சேர்த்துச் சாப்பிட்டால் அதில் உள்ள கால்சியம் மிச்ச ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். முருங்கைக்கீரை, வெந்தயக்கீரை பக்கம் போகலாமா என்றும் கேளுங்கள். அளவை அவரவர் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், கல்லிலும் வகை உண்டாம். எங்கள் வீட்டில் இப்போது மோர்க்கீரை செய்கிறோம்.

மூட்டக்கரி எழுதியது:

ஆய்வக ஐயாவிடம் ஒரு கேள்வி. கரியை இந்தக் கருவியில் வைத்துப் பார்த்தால் எந்த மூட்டம் நன்றாக வெந்தது என்று தெரியுமா? ஒரே மூட்டத்தில் நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி வரும். தட்டினால் கணீர் என்று சத்தம் வந்தால் வெந்த கரி என்று வைத்திருக்கிறோம்.

பழைய_ஆய்வகம் எழுதியது:

தெரியும் ஐயா. இதற்குத்தான் இந்தக் கருவி மிகப் பொருத்தம். 300, 400 டிகிரியில் வெந்த கரியில் 2920, 1700 முகடுகள் மிச்சம் இருக்கும், மரத்தின் குணம் முழுதாகப் போகவில்லை என்று பொருள். சூடு ஏற ஏற அவை தேய்ந்து, 1590லும் 870 முதல் 750 வரையிலும் வளையக் கார்பனின் முகடுகள் மட்டும் நிற்கும். 700 டிகிரி தாண்டினால் கோடு ஏறக்குறையத் தட்டையாகிவிடும், அப்போது கரி எல்லா ஒளியையும் விழுங்கும். 1430, 875 இரண்டும் கூராக இருந்தால் சாம்பலின் கார்பனேட். உங்கள் காது சொல்வதையும் கோடு சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது. ஓரத்துக் கரி, நடுக்கரி, அடிக்கரி என்று மூன்று பொட்டலம் கட்டி அனுப்புங்கள்.

தண்டுக்கீரை எழுதியது (நான்கு வாரம் கழித்து):

எல்லோருக்கும் வணக்கம். சொன்னபடி செய்து முடித்தேன்.

மீதிச் செடியிலிருந்து மூன்றாம், நான்காம் இலையை எடுத்து, அலசிக் காயவைத்தேன். 3695, 3620 இரண்டும் போய்விட்டன. 912 தோளும் இல்லை. அதோடு 1030 வித்தியாசமும் போய்விட்டது, இரண்டு வகைப் பாத்தியின் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. கழுவாத பழைய பொடியை எரித்து அமிலத்தில் போட்டேன். கரையாத சாம்பல் உயிர்க்கரிப் பாத்தியில்தான் அதிகம், வடிதாளில் செம்மண் நிறம் கண்ணாலேயே தெரிந்தது.

1317: 1800–1200க்குள் சமப்படுத்தி, பாத்திச் சராசரியை எடுத்தால் மூன்றுக்கு மூன்றில் எண்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. குறைந்தது என்று எழுத முடியாது. தரம்பார்த்தலிலும் அப்படித்தான். 1540 மட்டும் கழுவிய பிறகும் மூன்று கரிப் பாத்தியிலும் தாழ்வாகவே இருக்கிறது. அது உண்மையான வித்தியாசம் என்று நம்புகிறேன், ஜெல்டால் முறையில் நைட்ரஜன் பார்க்கக் கொடுத்திருக்கிறேன்.

வழிகாட்டியிடம் இரண்டு தொகுப்பையும் கொண்டுபோய்க் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு கழுவாத இலை, கழுவிய இலை இரண்டையும் பக்கம் பக்கமாகப் போட்டுத் தனி அத்தியாயமாகவே எழுதச் சொல்லிவிட்டார்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், கரி போட்டதால் ஆக்சலேட் குறையவில்லை என்று. "சரி, அந்த மோர்க்கீரை எப்படிச் செய்வதென்று அந்தப் பெண்ணிடம் கேள்" என்றார். மாடித்தோட்டம் அக்கா, செய்முறை போடுங்கள்.

மூட்டக்கரி எழுதியது:

தாயி, அடுத்த விதைப்புக்குக் கரி வாங்காதே. எருக்குழியில் ஒரு மாதம் ஊறினது ரெண்டு மூட்டை இருக்கிறது, நடுமூட்டத்துக் கரி. ஞாயிற்றுக்கிழமை சிவகங்கை வருகிறேன், கொண்டுவருகிறேன். பூவாளியைக் கீழே பிடித்து ஊற்று, பாத்தியில் கொஞ்சம் வைக்கோல் பரப்பு. ஆய்வக ஐயாவுக்கான மூன்று பொட்டலத்தையும் உன்னிடமே தந்துவிடுகிறேன். எது ஓரம் எது நடு என்று மேலே எழுதியிருக்கிறேன், கலந்துவிடாமல் கொடுத்துவிடு.